இயற்கை பைபாஸும் கொழுப்பு மாத்திரையும்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கோவைக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துவிட்டு மலை ஏறி வருகிறவர்கள், மாத்திரைச் சீட்டோடு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்து "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அதில் 'கொலாட்டரல்' என்ற சொல் இருந்தால் அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். "இயற்கையே பைபாஸ் போட்டுடுச்சுன்னு சொன்னாங்க. அப்ப மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?"

அந்தக் கேள்வியையும் அதைச் சுற்றி வரும் மற்ற சந்தேகங்களையும் அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மாத்திரையின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் இதய மருத்துவர்தான்.

கொலாட்டரல்னா என்னங்க? புதுசா முளைக்கிற ரத்தக்குழாயா?

பெரும்பாலும் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதுதான் பெருக்கிறது. இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் மூன்று. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. இவற்றுக்கு நடுவே முடியளவு மெல்லிய இணைப்புகள் பிறவியிலேயே உண்டு. சாதாரணமாக இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இருப்பதால் அந்த இணைப்புகளில் ரத்தம் அதிகம் ஓடாது. ஒரு குழாய் மெல்ல மெல்ல அடைபடும்போது அடைப்புக்குக் கீழே அழுத்தம் குறைகிறது. உடனே பக்கத்துக் குழாயின் ரத்தம் அந்த இணைப்புகள் வழியாக அங்கே இழுக்கப்படுகிறது. அப்படி ஓடும் ரத்தம் சுவரை உரசுகிறது. அந்த உரசலை உள்சுவர்ச் செல்கள் உணர்ந்து, குழாயைப் பெரிதாக்கும் வேலையைத் தொடங்குகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது.

மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் வண்டிகள் எல்லாம் கோத்தகிரி வழியாகப் போகின்றன அல்லவா? அதுபோலத்தான். ஆனால் கோத்தகிரி ரோடு ஒரே நாளில் அகலமாகிவிடாது. ஊருக்கு வண்டி வந்து சேரும், நெரிசலும் இருக்கும்.

ரத்தம் போதாத இடத்தில் நுண்குழாய்கள் புதிதாகத் துளிர்ப்பதும் உண்டு. ஆனால் பாரத்தைத் தாங்குவது பெருத்த பழைய இணைப்புகள்தான். கீழே இவற்றைக் கிளைக்குழாய் என்றே எழுதுகிறேன்.

எல்லாருக்கும் இது வளருமா?

வளராது. இதில் மனிதருக்கு மனிதர் வித்தியாசம் மிகப் பெரியது. இதயக்குழாயில் அடைப்பே இல்லாதவர்களிடம் பலூனால் ஒரு நிமிடம் குழாயை மூடிச் சோதித்த ஆய்வில், நாலைந்து பேரில் ஒருவருக்கு ஈசிஜி மாறாத அளவுக்குக் கிளைக்குழாய் ஏற்கெனவே இருந்தது. அது பிறவியில் கிடைத்தது. அடைப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் போதுமான அளவு இருக்கிறது.

சர்க்கரை நோய், புகை, உள்சுவரைக் கெடுக்கும் கொழுப்பு எல்லாம் இந்த வளர்ச்சிக்குத் தடை. அடைப்பு எவ்வளவு வேகமாக வந்தது என்பதும் முக்கியம். பத்து வருடத்தில் மெல்ல அடைந்த குழாய்க்குப் பக்கத்தில் கிளை வளர நேரம் கிடைக்கிறது. நாற்பது வயதில், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ரத்தக்கட்டி வந்து மூடினால் கிளைக்கு நேரமே கிடைப்பதில்லை. இளம் வயது மாரடைப்பு பல நேரம் அவ்வளவு கடுமையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ரிப்போர்ட்ல "எல்ஏடி 100 சதவீதம், ரென்ட்ராப் கிரேடு 3"னு இருக்கு. 100 சதவீதம் அடைச்சும் அப்பா எப்படி நடமாடுறாரு?

அந்த கிரேடு 3 தான் பதில். எல்ஏடி எனப்படும் முன்பக்கத்துப் பெரிய குழாய் முழுவதும் மூடியிருக்கிறது. ஆனால் வேறொரு குழாயிலிருந்து வரும் ரத்தம் அதை முழுசாக நிரப்புகிறது. ரென்ட்ராப் அளவுகோல் 0 முதல் 3 வரை. 0 என்றால் எதுவும் தெரியவில்லை. 1 என்றால் சிறு கிளைகள் மட்டும் நிரம்புகின்றன. 2 என்றால் பெரிய குழாயில் ஒரு பகுதி மட்டும் நிரம்புகிறது. 3 என்றால் முழுவதும்.

ஆஞ்சியோ சிடியைக் கொடுத்திருந்தால் வீட்டில் போட்டுப் பாருங்கள். வலப்பக்கக் குழாயில் மருந்துநீர் ஏற்றுவார்கள், அது முதலில் கறுப்பாகத் தெரியும். ஓரிரு நொடி கழித்து, மருந்தே ஏற்றாத இடப்பக்கக் குழாய் கீழிருந்து மேலாகத் தலைகீழாக நிரம்பி வருவதைப் பார்க்கலாம். நடுவில் சுருள் சுருளாகத் தெரிபவைதான் கிளைக்குழாய்கள். படத்தில் தெரியாத அளவு சிறியவையும் உண்டு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கிரேடு 3 இருந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது போதுகிற ரத்தம் மேடு ஏறும்போது பல பேருக்குப் போதாது. சமதளத்தில் நன்றாக இருப்பவர் பெட்ஃபோர்டு ஏற்றத்தில் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

கொழுப்பு அதிகமா இருந்தாத்தான் இந்தக் குழாய் வளரும்னு சொல்றாங்களே, அப்ப கொழுப்பு நல்லதா?

படித்தவர்களும் கேட்கிற கேள்வி இது. எதனால் எது வருகிறது என்பதில்தான் குழப்பம். கொழுப்பு அதிகம் உள்ளவருக்கு அடைப்பு வருகிறது. அடைப்பு வந்தவருக்குக் கிளைக்குழாய் பெருக்கிறது. அதனால் கிளைக்குழாய் நன்றாக வளர்ந்தவர்களைக் கூட்டிப் பார்த்தால் அவர்களில் கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள். கிளையைப் பெருக்கச் செய்தது கொழுப்பு அல்ல, அடைப்பு உண்டாக்கிய அழுத்த வித்தியாசம்.

கொழுப்பு செய்வது இதற்கு நேர் எதிர். முதல் கேள்வியில் சொன்ன உள்சுவர்ச் செல்கள்தான் உரசலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியச் செய்பவை. கெட்ட கொழுப்பான எல்டிஎல் அதிகமானால் அந்தச் செல்கள் மந்தமாகின்றன. எலிகளில் ரத்தக் கொழுப்பைக் கூட்டி, காலுக்குப் போகும் குழாயைக் கட்டிச் சோதித்திருக்கிறார்கள். கொழுப்பு அதிகமான எலிகளில் கிளைக்குழாய் குறைவாகத்தான் வளர்ந்தது. மனிதர்களிடம் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைந்தவர்களுக்குக் கிளைகள் மோசமாக இருந்ததாகச் சிலவும், பெரிய தொடர்பு இல்லை என்று வேறு சிலவும் சொல்கின்றன. கொழுப்பு கூடினால் கிளைக்கு நல்லது என்று நம்புவதற்கு இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

எனக்குத்தான் இயற்கையே பைபாஸ் போட்டுடுச்சே, இனி கொழுப்பு மாத்திரை எதுக்குங்க?

இந்தத் தொகுப்பை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கிளைக்குழாய் தானாக ரத்தம் உண்டாக்குவதில்லை, பக்கத்துக் குழாயிடமிருந்து வாங்கித்தான் கொடுக்கிறது. மேலே பார்த்த ரிப்போர்ட்டில் வலப்பக்கக் குழாய் இப்போது தன் பகுதியையும் மூடிப்போன இடப்பக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. கொடுக்கிற அந்தக் குழாயில் நாளை அடைப்பு வந்தால் இரண்டு பகுதிகளும் ஒரே நேரத்தில் ரத்தமில்லாமல் நிற்கும். சாதாரண மாரடைப்பைவிட அது பெரிய அடி. இப்படிப் பார்த்தால், கிளைக்குழாய் உள்ளவர் கொழுப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய அவசியம் மற்றவர்களைவிடக் கூடுதலே தவிரக் குறைவு இல்லை.

கொழுப்பு மாத்திரையின் பலன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களின் மொத்த மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. நன்றாக வளர்ந்த கிளைக்குழாய் உள்ளவர்களுக்கும் மரண அபாயம் குறைவு என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன, அதுவும் உண்மைதான். இரண்டும் உங்களுக்குக் கிடைக்கும்போது ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏன் விட வேண்டும்?

"பத்து வேண்டாம், அட்டையில மூணு மட்டும் வெட்டிக் கொடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. காசுக் கஷ்டம் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதே மருந்து ஜெனரிக்கில் மிகக் குறைந்த விலையில் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். மூன்று நாள் போட்டு நான்கு நாள் விடுவதுதான் கூடாது.

எல்டிஎல் 92 வந்திருக்கு. லேப் சீட்டுல நார்மல்னு இருக்கு. அப்புறம் ஏன் டாக்டர் டோஸை ஏத்துறாரு?

லேப் சீட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவு இதய நோய் இல்லாதவர்களுக்கானது. அடைப்பு உறுதியானவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல். ஆரம்பத்தில் இருந்த அளவில் பாதியாவது குறைந்திருக்கவும் வேண்டும்.

ஸ்டாட்டின் டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீத அளவுதான் இறங்கும். அதனால் டாக்டர் சில சமயம் டோஸை ஏற்றாமல் எசிடிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் சேர்ப்பார். அது இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். "ரெண்டு மாத்திரை ஆயிடுச்சே, நோய் முத்திடுச்சா?" என்று பயப்பட வேண்டாம். மாற்றம் செய்து 4 முதல் 12 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மிக அதிகமாக இல்லாதவரை வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

இப்ப 45-க்கு வந்துடுச்சு. ரொம்பக் குறைஞ்சா மூளைக்கு ஆகாதாமே?

பிறந்த குழந்தையின் எல்டிஎல்லே 30, 40 அளவில்தான் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது. 45 வந்தது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், நிறுத்தச் சொல்லும் அடையாளம் இல்லை.

தசைவலி வந்தால், மாத்திரையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ பெரும்பாலும் சரி செய்துவிடலாம். சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே போக வேண்டும்.

மாத்திரை போட்டா கிளைக்குழாய் இன்னும் நல்லா வளருமா? அடைப்பு கரையுமா?

உள்சுவரைச் சீராக்குவதால் வளர்ச்சிக்கு உதவும் என்று எதிர்பார்த்தார்கள். ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கிளைக்குழாயை வளர்க்கும் மருந்து என்று ஸ்டாட்டினைச் சொல்ல முடியாது.

அடைப்பு கரைந்து காணாமல் போகாது. எல்டிஎல்லை நன்றாக இறக்கினால் சற்றே சுருங்கும் என்று குழாய்க்குள் ஸ்கேன் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் உண்மையான லாபம் அந்தச் சுருக்கத்தில் இல்லை. அடைப்பின் மேல்தோல் கெட்டியாகி வெடிக்காமல் நிற்பதில்தான் இருக்கிறது. வெடித்தால்தானே ரத்தக்கட்டி.

மலையில பொறந்து வளர்ந்தவங்களுக்கு ஆக்சிஜன் கம்மி. அதனால நம்ம இதயத்துல கிளை தானாவே அதிகமா இருக்குமாமே?

ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பெரியவர்கள் பெருமையோடு சொல்வது இது. முழுக்க ஆதாரமில்லாத பேச்சும் இல்லை. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேல் வாழ்ந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்தபோது ரத்தக்குழாய்க் கிளைகள் அடர்த்தியாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு. ஆண்டிஸ் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது. முதல் கேள்வியில் சொன்னபடி பெரிய கிளைகளைப் பெருக்கச் செய்வது ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்த ஓட்டத்தின் உரசல்.

மலையில் கவனிக்க வேண்டியது குளிர். ஜனவரியில் உறைபனி கொட்டும் காலையில் வெளியே வந்தால் தோலின் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் வேலை கூடுகிறது. கிளைக்குழாயை நம்பி இருப்பவருக்கு அந்தக் கூடுதல் வேலைக்கு ரத்தம் போதாமல் போகலாம். வெயில் வந்த பிறகு நடக்கலாம். மப்ளர் காதுக்கு மட்டுமில்லை, மூக்கையும் வாயையும் மூடட்டும்.

நடந்தா கிளைக்குழாய் வளருமா? நான் தினமும் தோட்டத்துல மேடு ஏறி இறங்குறேனே, அது போதாதா?

நடந்தால் பலன் உண்டு. நெஞ்சுவலியைத் தெளிவாக விவரித்து 1772-ல் எழுதிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளி ஏறக்குறையக் குணமானதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தக் காலத்தில் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், நான்கு வாரம் கண்காணிப்போடு உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கிளைக்குழாய் வழி ஓடும் ரத்தம் கூடியதை அளந்து காட்டினார்கள். உடற்பயிற்சியில் ஓட்டம் கூடுகிறது, உரசல் கூடுகிறது, குழாய் பெருக்கிறது.

கொழுந்து பறிக்கும் அக்காமார் காலையிலிருந்து மேட்டில்தான் நிற்கிறார்கள். ஆனால் அது நின்று நின்று நகரும் வேலை. மூச்சு சற்று வாங்க, பேச முடிகிற வேகத்தில், நிற்காமல் அரை மணி நேரம் நடப்பது வேறு. முதல் பத்து நிமிடம் சமதளத்தில் மெதுவாக நடந்துவிட்டு அப்புறம் ஏற்றத்துக்குப் போங்கள். அப்படிச் சூடேறிய பின் அதே ஏற்றத்தில் வலி குறைவாக வருவதைப் பலர் உணர்கிறார்கள். எந்த அளவுக்கு ஏறலாம் என்பதை ட்ரெட்மில் சோதனை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். நடக்கும்போது நெஞ்சு பிடித்தால் நிற்க வேண்டும். வலியோடு நடந்தால் குழாய் சீக்கிரம் வளரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மலைப்பூண்டு தினமும் நாலு பல் சாப்பிட்டா அடைப்பு கரையாதா?

கரையாது. பூண்டு கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். எல்டிஎல்லைப் பாதியாக்க வேண்டிய இடத்தில் அது போதாது. குழம்பில் போட்டு ருசியாகச் சாப்பிடுங்கள். பூண்டு மாத்திரையை, அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம். ரத்தக்கசிவு கூடலாம்.

உணவில் மாற்ற வேண்டியது வேறு. வனஸ்பதியில் செய்த வர்க்கியை டீயோடு தினம் நாலு தின்னும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அவரை, பீன்ஸ், ராகி நம் மண்ணிலேயே இருக்கின்றன, அவை கொழுப்புக்கு நல்லவை.

காலுல பட்டை கட்டி அழுத்துற சிகிச்சைல ஆபரேஷன் இல்லாம பைபாஸ் ஆயிடும்னு விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

இஇசிபி என்ற சிகிச்சை அது. இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் கால் பட்டைகள் இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். வழக்கமாக ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வுகள். கிளைக்குழாய் ஓட்டம் கூடியதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, வலி குறைந்தவர்களும் உண்டு. ஸ்டென்ட்டும் பைபாஸும் செய்ய முடியாதவருக்கு வலியைக் குறைக்க ஒரு வழியாக மருத்துவரே சொன்னால் யோசிக்கலாம். இடப்பக்க முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர் விளம்பரத்தை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

குழாய் வளர்க்கும் புரத ஊசிகளையும் இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் சோதித்தார்கள். வெறும் நீர் போட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு நன்றாக உணர்ந்தார்கள்.

ஸ்டென்ட் வெச்சு அடைப்பைத் திறந்துட்டா அந்தக் கிளைக்குழாய் என்னாகும்?

பிரதான குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் அழுத்த வித்தியாசம் போய்விடுகிறது, கிளைகள் மாதக்கணக்கில் சுருங்குகின்றன. மறுபடி ஸ்டென்ட் அடைந்தால் பழைய அளவில் உடனே உதவிக்கு வராமல் போகலாம். ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை ஒருநாள்கூட விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதத்துக்கு மேல் முழுதாக மூடிய குழாயை எல்லாருக்கும் திறப்பதில்லை. மாத்திரைக்குப் பிறகும் வலி இருக்கிறதா, அந்தப் பகுதித் தசை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். "உங்களுக்குத் திறக்கலை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் திறந்தாங்க" என்பதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை.

கிளைக்குழாய் இருக்கறவங்களுக்கு அட்டாக்கே வராதுதானே?

வரும். வந்தால் சேதம் குறையலாம், கொஞ்சம் நேரம் கிடைக்கலாம். குன்னூரிலிருந்து கோவைக்கு 70 கிலோமீட்டர், அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. மலைவாசிக்கு அந்த நேரம் பெரிது. அதை வீணாக்கும் பழக்கம் ஒன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். நெஞ்சு வலித்ததும் வாயு என்று நீலகிரித் தைலம் தேய்த்து, சுடுதண்ணீர் குடித்து, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். தைலத்தின் சூட்டில் வலி மறைந்ததுபோல இருக்கும். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்.

நெஞ்சு இறுக்கம் உட்கார்ந்தும் பத்து நிமிடத்தில் போகவில்லை, வியர்க்கிறது, தாடைக்கோ இடக்கைக்கோ பரவுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் முதல் உதவி உண்டு. 2023-ல் தொடங்கிய தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணை மாத்திரைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் அடைப்பைத் திறப்பது) செய்யும் இடத்தை எட்ட முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை மலையிலேயே போட்டுவிட்டு இறங்குவதுதான் முறை. "நேரா கோவைக்கே போயிடலாம்" என்று சொந்த வண்டியில் கிளம்பி அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள்.

அப்பாவுக்கு 48 வயசுல அடைப்பு. எனக்கு 26. நான் இப்பவே பார்க்கணுமா, அவருக்கு வளர்ந்த மாதிரி எனக்கும் கிளை வளருமா?

கிளை வளர்வதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் உங்களுக்கு வளருமா என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. கொழுப்பைச் சொல்லும் பரிசோதனை இருக்கிறது, அதை இப்போதே பாருங்கள். எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூடவே லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளின் சோதனையை வாழ்நாளில் ஒரு தடவை செய்துகொள்வது நல்லது. அது பிறவியில் அமைவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது, நம் நாட்டவரிடம் அதிகம் காணப்படுகிறது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எல்டிஎல்லை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தம்பி, தங்கைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.